எர்த் வயரும் எக்கோ ரெக்கார்டும்

ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள்: "அண்ணா, ஹம் அடிக்குது." பாட்டுக்கு அடியில் விடாமல் ஓர் உறுமல். பிளேயர் புதிது, ஸ்பீக்கர் புதிது, கம்ப்யூட்டரில் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸும் புதிது. எதில் குறை என்று தெரியாமல் மூன்றையும் மாற்றிப் பார்த்து அலுத்துப்போய் வருவார்கள். நான் பிளேயரைத் திறப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். சென்னைப் புறநகரில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், குரோம்பேட்டை என்று எந்தப் பக்கமாக இருந்தாலும் அடுக்குமாடியில் ஒரு வாடகை அறை இருக்கும். சுவரில் மூன்று துளை சாக்கெட் இருக்கும். மேலே இருக்கிற பெரிய துளையில் மீட்டரை வைத்தால் பல வீடுகளில் எர்த் இருக்காது. துளை இருக்கும், பின்னால் வயர் இருக்காது.

ரெக்கார்டின் வரியில் ஊசி அசையும்போது அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்கு. அதோடு இன்னொரு விஷயமும் உண்டு. ரெக்கார்டுத் தட்டை வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கீச்சு ஒலியைக் கூட்டி வெட்டுவார்கள். பேஸை அப்படியே வெட்டினால் வரி அகலமாகிப் பக்கத்து வரியில் இடிக்கும், எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடப் பாட்டு அடங்காது. 1954-இல் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. வகுத்த அளவு இது. பிறகு உலகம் முழுக்க அதுவே நடைமுறையாயிற்று. நாம் கேட்கும்போது ஃபோனோ பிரீஆம்ப் இதைத் தலைகீழாக்கிப் பேஸைத் தூக்கிக் கொடுக்கிறது. 50 ஹெர்ட்ஸ் வருகிற இடத்தில் இந்தத் தூக்கல், 1000 ஹெர்ட்ஸுக்குக் கிடைப்பதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. நம் வீட்டுக்கு வரும் கரண்டும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். எர்த் இல்லாத வீட்டில் பாட்டின் பேஸோடு சுவரின் கரண்டும் ஏழு மடங்காகி ஸ்பீக்கரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பிளேயரின் பின்னால் மெல்லிய வயர் ஒன்று தனியாகத் தொங்கும். முனையில் இரண்டாகப் பிளந்த தகடு இருக்கும். அதை பிரீஆம்பின் திருகில் கட்ட வேண்டும். பிளேயர், பிரீஆம்ப், கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் பேசி, கீழே உப்பும் கரியும் போட்டு ஒழுங்கான எர்த் குழி எடுக்கச் சொல்ல வேண்டும். பல ஆயிரம் போட்டு சிந்தசைசர் வாங்கியவர்கள்கூட இந்தக் குழிக்குச் செலவழிக்கத் தயங்குகிறார்கள். எனக்கு அது புரிவதே இல்லை. உயிர்ப் பாதுகாப்பும் அந்தக் குழியில்தான் இருக்கிறது.

அடுத்த பெரிய கூட்டம், அமெரிக்காவிலிருந்து வந்த பிளேயர்கள். தாம்பரம் பக்கம் ஒரு தெருவுக்கு நாலு வீட்டிலாவது பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது தம்பிக்காக அங்கே பழைய சாமான் கடையில் வாங்கிய பிளேயரைத் துணிமணிக்கு நடுவே சுற்றிக் கொண்டுவருகிறார்கள். அது 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் ஓடுவது. ரிச்சி தெருவில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினால் வோல்ட்டேஜ் சரியாகிவிடும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய பெல்ட் பிளேயர்களில் பல, கரண்டின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுற்றும் சின்க்ரனஸ் மோட்டார் வைத்தவை. 60-க்குச் செய்த மோட்டார் 50-இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். சுருதி மூன்று ஸ்வரஸ்தானத்துக்குச் சற்று அதிகமாகவே இறங்கிவிடும். எஸ்.ஜானகி பாடியதைக் கேட்டு "இது யாருண்ணா?" என்று ஒரு பிள்ளை கேட்டது இதனால்தான். மருந்து, மோட்டார் முனையில் இருக்கும் பித்தளைப் புல்லி. அதை விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகக் கடைந்து மாட்ட வேண்டும். கிண்டி தொழிற்பேட்டையில் லேத் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்குக் கடைந்து தருகிறார். வேகம் சரியா என்று பார்க்க, வட்டமாக 180 கறுப்புக் கோடு போட்ட காகிதத்தைத் தட்டின்மேல் வைத்து, மெயின்ஸில் நேராக எரியும் பழைய நியான் விளக்கின் கீழே சுற்றவிடுவேன். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அந்த விளக்கு நொடிக்கு நூறு முறை விட்டுவிட்டு எரிகிறது. 33⅓ வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நகராமல் அப்படியே நிற்கும். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 போன்ற, குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடும் டைரக்ட் டிரைவ் பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இந்தத் தொழிலை எனக்குக் கொடுத்தது மைக் செட் கடை. மேற்குத் தாம்பரத்தில் 80-களின் தொடக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசக் கூழ் என்று எதுவானாலும் மைக் செட் உண்டு. தென்னை மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவோம். கீழே அகுஜா ஆம்ப்ளிஃபையர், பக்கத்தில் பிளேயர், தகரப் பெட்டி நிறைய ஏழு அங்குலத் தட்டுகள். சினிமாப் பாட்டு பெரும்பாலும் அந்தச் சின்னத் தட்டில்தான் வரும். 45 வேகம், இரண்டு பக்கமும் சேர்த்து நாலு பாட்டு. பாட்டு முடிவதற்குள் அடுத்த தட்டைத் துடைத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். விரல் படாமல் விளிம்பிலும் நடு லேபிளிலும் மட்டும் பிடிக்க வேண்டும். எங்கள் முதலாளி மற்ற எதற்கும் கோபப்பட மாட்டார். தேய்ந்த ஊசியோடு தட்டை ஓட்டினால் மட்டும் விட மாட்டார். தேய்ந்த ஊசியின் முனை உளியாகிவிடும், ஒரு கல்யாணத்திலேயே வரியின் சுவரைச் சீவிவிடும் என்பார். இன்று நுண்ணோக்கியில் பார்த்தால் அவர் சொன்னது முழுக்க உண்மை என்று தெரிகிறது. என்னிடம் வருகிற பழைய மைக் செட் தட்டுகளில் பல்லவியில் மட்டும் இரைச்சல் கூடுதலாக இருக்கும். ஆரம்பத்தில் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்த இடம் அது.

பிறகு கேசட் வந்தது. கடைகள் தட்டுகளை எடைக்குப் போட்டன. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய ரெக்கார்டு விற்ற கடைகளும் போயின. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக்குத் தட்டு கிடைக்கிற இடம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைதான். பழைய டிரங்க் ரோட்டில் விடியற்காலையில் போனால், ஓட்டை ஃபேனுக்கும் துருப்பிடித்த சைக்கிளுக்கும் நடுவே சாக்கு விரித்து தட்டுகளைக் கிடத்தியிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வாங்கிவிட வேண்டும். பத்து மணி வெயிலில் கறுப்புத் தட்டு வளைந்துவிடும்.

அந்தச் சந்தையில்தான் இப்போதைய பிள்ளைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை, வீட்டில் ஒரு மூலையில் கீபோர்டு, டிரம் மெஷின், குட்டிக் குட்டி சிந்தசைசர்கள். இவர்கள் செய்வது எலெக்ட்ரானிக் இசை. டெக்னோ, ஹவுஸ் என்று ஏதேதோ பெயர் சொல்வார்கள். ஞாயிறு மதியம் என் அறைக்கு வந்து தட்டு கேட்பார்கள், வாதம் செய்வார்கள். அவர்கள் தேடி வருகிற பெயர்களில் முக்கியமானது சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் கிட்டாரும் சிந்தசைசரும் வாசித்தவர். 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர். 808 தாள இயந்திரம், டி.பி. 303 பேஸ் இயந்திரம், ஜுபிடர் 8 சிந்தசைசர் மூன்றையும் இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எச்.எம்.வி.க்காக ஒரு எல்.பி. பதிந்தார். அப்போது அது விற்கவில்லை. அதே 303-ஐ வைத்து சிகாகோ இளைஞர்கள் 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு பாணியை உலகுக்குக் கொடுத்தது 1987-இல். 2010-இல் சரண்ஜித்தின் தட்டு மறுபதிப்பாக வந்தபோதுதான் உலகம் கவனித்தது. அவர் 2015-இல் காலமானார்.

பிள்ளைகள் இதை வியந்து வியந்து பேசும்போது நான் என் அலமாரியிலிருந்து எக்கோ லேபிள் ஒட்டிய தட்டுகளை எடுத்து வைப்பேன். 80-களின் இளையராஜா. 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' இரண்டும் 1986. கம்ப்யூட்டர் இசை என்று அன்று ஊரே பேசியது. அவர் குழுவில் கீபோர்டு வாசித்த விஜி மானுவலின் விரல்கள் தந்த சிந்தசைசர் வரிகளை நல்ல ஊசியில், சுத்தமான வரியில் கேட்க வேண்டும். பேஸ் கோடு ஒரு பக்கம், அதற்குப் பதில் சொல்லும் கீபோர்டு இன்னொரு பக்கம், நடுவில் உண்மையான வயலின் கூட்டம். இயந்திரமும் மனிதரும் ஒரே தாளத்தில் உட்கார்ந்த இசை அது. இதை வெறும் சினிமாப் பாட்டு என்று ஒதுக்கிவிட்டு, பெர்லின் டெக்னோவிலிருந்து தொடங்குவது நமக்கு நஷ்டம். தமிழில் எலெக்ட்ரானிக் இசை செய்கிறவர்களுக்கு முதல் பாடப் புத்தகம் இந்தத் தட்டுகள் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டு ஸ்டூடியோ என்பதற்கும் நம் ஊரிலேயே முன்னோடி உண்டு. ஏ.ஆர்.ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டிக் கட்டிய பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில் உட்கார்ந்துதான் 1992-இல் 'ரோஜா'வைச் செய்தார்.

தட்டு உசத்தியா, டிஜிட்டல் உசத்தியா என்ற வாதம் எந்த ஞாயிறும் ஓயாது. அளவுக் கணக்கில் தட்டு தோற்கும். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சி.டி. 96 டெசிபல் தரும், எல்.பி. 70-ஐ எட்டினாலே பெரிது. ஆனால் 80-களின் பாட்டுகள் சிலவற்றை நான் செயலியிலும் தட்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன். செயலியில் இருப்பது சில சமயம் கேசட்டிலிருந்து எடுத்தது போல மங்கலாக இருக்கிறது. சிலவற்றில் பின்னாளில் யாரோ எதிரொலி சேர்த்திருக்கிறார்கள். சிலவற்றில் சுருதியே மாறியிருக்கிறது. அந்தப் பாட்டு வெளியான நாளில் எப்படி ஒலித்தது என்பதற்குத் தட்டுதான் சாட்சி. அதனால்தான் அதைப் பாதுகாக்க வேண்டும் என்கிறேன். வெதுவெதுப்பான ஒலி என்று சொல்லிக்கொண்டு எதையும் வாங்க வேண்டியதில்லை.

சாட்சியைப் பதிவு செய்வதற்கும் முறை இருக்கிறது. முதலில் கழுவ வேண்டும். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மிருதுவான பிரஷ், இவை போதும். வரியின் போக்கிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு வெள்ளைப் புள்ளியாகப் படரும் பூஞ்சை இதிலேயே பெரும்பாலும் போய்விடும். ஆனால் தாத்தா காலத்து 78 வேகத் தட்டு வினைல் கிடையாது. அது அரக்கு சேர்த்துச் செய்தது. அதில் ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். அதற்கு ஊசியும் வேறு. எல்.பி. ஊசியின் முனையைவிட மூன்று நான்கு மடங்கு தடித்த முனை வேண்டும். மெல்லிய ஊசியை வைத்தால் அகலமான வரியின் அடியில் போய்க் குப்பையைக் கிளறும், பாட்டைத் தொடாது.

70-களின் கடைசிவரை தமிழ்ப் பாட்டுத் தட்டுகள் பெரும்பாலும் மோனோதான். மோனோத் தட்டில் பாட்டு ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. மேல் கீழ் அசைவில் வருவது அத்தனையும் தூசியும் கீறலும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் பதிந்து இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் மேல் கீழ் அசைவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரைச்சல் கணிசமாகக் குறையும். இதற்கு எந்தச் சாஃப்ட்வேரும் விலைக்கு வாங்க வேண்டாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். இரைச்சல் நீக்கியை உடனே போட வேண்டாம் என்றும் சொல்வேன். பச்சைப் பதிவு ஒன்று தொடாமல் கிடக்க வேண்டும். இன்றைய சாஃப்ட்வேர் கீறலோடு சேர்த்துக் கடத்தின் நுனியையும் அறுத்துவிடுகிறது; பத்து வருஷம் கழித்து வருவது இன்னும் நன்றாகச் செய்யலாம்.

பிள்ளைகள் இசை செய்கிற அறை அடுத்த சிக்கல். எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பத்துக்குப் பத்து என்று அறை போடுகிறார்கள், உயரமும் பத்தடி. ஒலிக்கு இதைவிட மோசமான அறை இல்லை. பத்தடி இடைவெளியில் இரண்டு சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி எதிரொலித்துத் தேங்கி நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் அதே எண்ணில் தேங்கும். 808 பாணி கிக் டிரம்மின் அடிநாதம் சரியாக அந்த வட்டாரத்தில்தான் விழுகிறது. அறையின் நடுவில் உட்கார்ந்தால் கிக் காணாமல் போகும்; மூலையில் நின்றால் காதை அடைக்கும். நடுவில் உட்கார்ந்து கிக்கைக் கூட்டிக் கூட்டி வைத்துவிட்டு, காரில் போட்டதும் கண்ணாடி அதிர்கிறது என்று ஓடி வருவார்கள். ஸ்பீக்கரை மாற்றாதீர்கள், நாற்காலியை நகர்த்துங்கள் என்பேன். முன்சுவரிலிருந்து நாலடி அளவில் உட்கார்ந்து, பின்சுவர் மூலைகளில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்திப் பாருங்கள். கடையில் விற்கும் மெல்லிய ஸ்பாஞ்ச் தகடுகள் கீச்சு ஒலியைத்தான் தின்னும். பேஸை அவற்றால் தொட முடியாது.

சத்தத்தை வெளியே நிறுத்துவது இங்கே நடக்காத காரியம். பொழிச்சலூர், பம்மல் பக்கம் தலைக்கு மேலே விமானம். கிழக்குத் தாம்பரத்தில் விமானப்படைப் பயிற்சி விமானங்கள். ரயில் பாதையை ஒட்டிய தெருக்களில் மின்ரயில். குரலைப் பதிகிறவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு ஃபேனை அணைத்துவிட்டுப் பதிகிறார்கள். சிந்தசைசரை நேராக வயரில் பதிகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. புறநகரில் எலெக்ட்ரானிக் இசை வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பழைய தட்டிலிருந்து துண்டு வெட்டித் தன் இசையில் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அது அவர்கள் மறைந்து 60 ஆண்டு வரை நீளும். அனுமதி இல்லாமல் வெட்டாதீர்கள். கேட்டுக் கற்றுக்கொண்டு, நீங்களே வாசியுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் தண்ணீர் ஏறியபோது எத்தனையோ பெட்டித் தட்டுகள் சேற்றில் கிடந்தன. வடிந்த பிறகு பலர் எல்லாம் போச்சு என்று குப்பையில் எறிந்துவிட்டார்கள். அட்டையும் லேபிளும் போயிருக்கும், உண்மைதான். ஆனால் வினைல் தண்ணீரில் கெடுவதில்லை. சேறு உலர்ந்து கல்லாவதற்கு முன் அலசினால் தட்டு பிழைத்துவிடும். சேற்றோடு ஊசியை வைத்தால்தான் சாகும். எனக்குக் கொண்டுவந்தவர்களின் தட்டுகள் இன்றும் பாடுகின்றன. 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் இதே கதைதான் நடந்தது. இனியும் நடக்கும், நாம் ஏரிக்கரைகளில்தான் குடியிருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பரணில் தட்டுப் பெட்டி இருந்தால் இந்த வாரமே இறக்குங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்திருந்தால் எடுத்து நேராக நிற்க வையுங்கள். தரைத்தளத்தில் குடியிருந்தால் இடுப்பு உயரத்துக்கு மேல் வையுங்கள். ஊசி மாற்றாத பழைய பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடாதீர்கள். உங்கள் தெருவிலேயே கீபோர்டும் கம்ப்யூட்டரும் வைத்து இசை செய்கிற ஒரு பிள்ளை இருக்கும். கூப்பிட்டுக் காட்டுங்கள், கழுவிப் பதிந்து தரச் சொல்லுங்கள். ஒரு பிரதியை அந்தப் பிள்ளையும் கேட்கட்டும்.